துப்பாக்கிக்கு நம்பர் உண்டு, ஆளுக்கு?

எனக்கு ஊரே சிக்கல். உடனே "சிங்காரவேலர் சந்நிதியா சார்?" என்று கன்னத்தில் போட்டுக் கொள்ளாதீர்கள். அது நாகப்பட்டினம் பக்கம். நம்மது ராமநாதபுரம் ஜில்லா. அங்கே வேல், இங்கே கருவேல். அவ்வளவுதான் வித்தியாசம்!

மழை பொய்த்த காலங்களில் இந்தச் சீமையிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்கள் ஏராளம். 1943-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்து கூப்பிட்டதும், ரப்பர் தோட்டத்தில் கத்தி பிடித்த தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார்கள். என்ன துப்பாக்கி? சாட்சாத் வெள்ளைக்காரனுடைய 'த்ரீ நாட் த்ரீ'தான்! 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தபோது பிரிட்டிஷ் படை விட்டுவிட்டுப் போன சரக்கு. சுமார் 4 கிலோ எடை. 10 தோட்டா போடலாம். ஒவ்வொரு தடவை சுட்டதும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும்.

1944-ல் இம்பால் பக்கம் சண்டை. எதிரே பிரிட்டிஷ் இந்தியப் படை. அவர்கள் கையிலும் இதே த்ரீ நாட் த்ரீ! அந்தப் பக்கமும் நம்மாள், இந்தப் பக்கமும் நம்மாள். துப்பாக்கிக்குத்தான் பாவம், தான் எந்தக் கட்சி என்று தெரியாது.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் ரெஜிஸ்டர் ஞாபகம்தான் வரும். கல்கத்தா பக்கம் இஷாப்பூர் ஃபாக்டரியில் செய்த துப்பாக்கியைப் பாருங்கள். கிரீட முத்திரை, ராஜா பெயரின் எழுத்து, ஃபாக்டரி, வருஷம், நம்பர் எல்லாம் இரும்பிலேயே அடித்திருக்கும். பர்த் சர்டிபிகேட்டோடு பிறந்த ஜென்மம்!

சுமந்த ஆளுக்கு? யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரன் பலரைப் பிடித்து அடைத்தான். பழைய பட்டாளத்துக்காரர்களின் சம்பள பாக்கி கோவிந்தா. செங்கோட்டை வழக்கில் மாட்டிய மூன்று அதிகாரிகள் 1946 ஜனவரியில் வெளியே வந்ததை தேசமே கொண்டாடியது. ஆனால், சுதந்திரம் வந்த பிறகும் ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. மத்திய சர்க்காரின் தியாகி பென்ஷன் 1972-ல் வந்தது. கூடவே, "ஆதாரம் இருக்கா?" என்ற கேள்வியும் வந்தது. ஜெயில் சர்டிபிகேட் வேண்டும். இல்லையா, கூட இருந்த கைதிகள் எழுதித் தர வேண்டும். கூட இருந்தவர் ஈப்போவில் இருப்பாரோ, பர்மா மண்ணுக்குள் இருப்பாரோ? நமக்கு அரியர்ஸ் பில் ஆறு மாசம் இழுத்தாலே அல்சர் வருகிறது. அவர்களுக்கு 27 வருஷம்!

துப்பாக்கிக்கோ சுதந்திரத்துக்குப் பிறகும் கவர்ன்மென்ட் உத்தியோகம். போலீஸ் தோளில் ஏறிக்கொண்டது. உத்தரப்பிரதேசப் போலீஸில் 2020 குடியரசு தினம் வரை சர்வீஸ். அணிவகுப்பில் மரியாதையோடு வழியனுப்பினார்கள். இரண்டு பக்கமும் சுட்டதற்கு ஒரு மெமோ கூடக் கிடையாது!

உங்கள் வீட்டுப் பரணில் மலேயா போன தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடை போடுமுன் ஒரு தடவை திறந்து பாருங்கள் தம்பி. உள்ளே துப்பாக்கி இருந்தால் நேரே போலீஸ் ஸ்டேஷன். போட்டோவோ, கடுதாசியோ இருந்தால் ஒரு ஃபைல் போட்டு, பின்னால் பேரும் ஊரும் எழுதி வையுங்கள். இரும்பு தன் நம்பரைத் தானே சொல்லிக்கொள்ளும். மனுஷனுக்கு யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.