காமிரா மட்டும் போதுமா?

ஓரியன் மண்டலத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்கு அருகே மங்கலான ஒரு திட்டு தெரியும். அது புது நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகம்! 1880-ல் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் அதை முதன்முதலாகப் படம் பிடித்தார். 51 நிமிஷம் பிடித்தது.

இன்று சாதாரண டிஜிட்டல் காமிராவும் முக்காலியும் போதும். தானியங்கி போகஸ் இருட்டில் தடுமாறும், அதை நிறுத்திவிடுங்கள். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகச் சுருங்கும்வரை லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்புங்கள். குளிர் ஏறினால் போகஸ் விலகும். மறுபடி பாருங்கள். பூமி சுழல்கிறதல்லவா? 50 மி.மீ. லென்ஸை 10 விநாடிக்கு மேல் திறந்தால் புள்ளி கோடாகிவிடும். ஆகவே பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பார்கள்.

இத்தனையும் செய்து, வானம் வெளுத்துக் கிடந்தால் என்ன பயன்? விலையுயர்ந்த காமிராவும் அங்கே தோற்கும். தெருவிளக்கு வீதிக்குத்தான், வானத்துக்கு அல்ல. வெளிச்சம் மேலே போகாதபடி விளக்குகளுக்கு மூடி போட நகரசபைகள் முன்வர வேண்டும்.