முதலில் காதைக் கேளுங்கள்!



காலை ஏழரை மணிக்குப் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். ஒரு கையில் டிராஃப்டர், மறு கையில் டிபன் பாக்ஸ், காதில் ஹெட்செட். இந்த மூன்றும் இல்லாத பாலிடெக்னிக் மாணவர் உண்டா? டிராஃப்டர் வாங்கும் முன் சீனியர் அண்ணன்மாரிடம் யோசனை கேட்கிறோம். செருப்பு வாங்கினால்கூட போட்டு நாலடி நடந்து பார்க்கிறோம். ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் காதுக்குள் குடியிருக்கப்போகிற பொருளை மட்டும், "பேஸ் நல்லா அடிக்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு வாங்கிவிடுகிறோம்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவல்ல, "என் காதில் ஒழுங்காக உட்காருமா?" என்பதுதான் என்கிறேன் நான். காரணம் இருக்கிறது.

நான் பள்ளிபாளையம் பக்கத்திலிருந்து வருகிறேன். வர 70 நிமிடம், போக 70 நிமிடம். முதலாம் ஆண்டில் பேருந்து நிலைய வாசலில் 100 ரூபாய்க்கு ஒரு ஹெட்செட் வாங்கினேன். கெட்டியான பிளாஸ்டிக், முனையில் ரப்பர் கிடையாது. பஸ் பள்ளத்தில் இறங்கினால் அதுவும் காதிலிருந்து இறங்கிவிடும். சரியாகப் பொருந்தாததால் வெளிச்சத்தம் முழுக்க உள்ளே வரும். அதை அமுக்க நான் பாட்டைக் கூட்டுவேன். டிரைவர் அண்ணன் அவர் பாட்டைக் கூட்டுவார். நான் இன்னும் கூட்டுவேன். இந்தப் போட்டியில் கடைசியில் தோற்றது என் காதுதான்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். காதுக்குள் "கொய்ங்" என்று ஒரே சத்தம். அம்மா என் முன்னால் வந்து நின்று சொன்னார்: "மூணு தடவ கூப்புட்டாச்சு. நீயும் உங்கப்பனாட்டம் ஆயிட்டியா?"

அப்பா இருபத்தைந்து வருடமாகத் தறிப்பட்டறையில் வேலை செய்கிறார். விசைத்தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். "காதுல பஞ்சு வெச்சுக்கலாமில்லப்பா?" என்று கேட்டால், "இழை அறுந்தா தறிச் சத்தத்துலயே தெரிஞ்சிரும் கண்ணு. காத அடைச்சா எப்படித் தெரியும்?" என்பார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிப்பது நான்தான். முதல் செமஸ்டரில் எல்லாப் பாடத்திலும் பாஸ் என்று அப்பாவிடம் மெதுவாகச் சொல்ல ஆசைப்பட்டேன். முடியவில்லை. தெருவுக்கே கேட்கும்படி கத்தித்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் ரகசியம் என்பதே கிடையாது.

அம்மா அப்படிக் கேட்ட பிறகுதான் விஷயத்தைத் தேடிப் படித்தேன். நமது உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதில் இருக்கும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள்தான் ஒலியை நரம்புக்குச் சொல்கின்றன. லேபில் சாலிடரிங் விட்டுப்போனால் மறுபடி வைக்கலாம். இந்தச் செல்கள் செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், கேட்கும் நேரம் பாதியாக வேண்டும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. 90-க்கு வெறும் 4 மணி நேரம்தான். என் பயணம் வாரம் 5 நாளில் 11 மணி 40 நிமிடம். 80-ல் கேட்டால் பயமில்லை. 90-ல் கேட்டால் செவ்வாய்க்கிழமை சாயங்கால பஸ்ஸிலேயே அந்த வாரக் கணக்கு முடிந்துபோகும்!

ஆகவே நல்ல ஹெட்செட் என்பது அதிகமாகக் கத்துவது அல்ல. குறைத்து வைத்தாலும் கேட்க விடுவது. அதற்கு வெளிச்சத்தம் உள்ளே வராமல் அடைக்க வேண்டும், வலிக்கவும் கூடாது.

பஸ்ஸுக்கு என் ஓட்டு, ரப்பர் முனை வைத்த சின்ன ஹெட்செட்டுக்கே. பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவு ரப்பர் தருவார்கள். நாமோ மாட்டியிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுகிறோம். மூன்றையும் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கும் இடது காதுக்கும் ஒரே அளவு சேர வேண்டும் என்றும் இல்லை. பாட்டுப் போடும் முன்பே வெளிச்சத்தம் குறைந்தால், கொட்டாவி விட்டாலும் கழறாமல் இருந்தால், அதுதான் உங்கள் அளவு. அரை மணி நேரம் போட்டும் வலிக்கக் கூடாது.

தலைக்கு மேல் மாட்டுகிற பெரிய வகை பார்க்க ஜோர்தான். ஆனால் காதின்மேல் அழுத்தி உட்காரும் வகை என் கம்மலை அழுத்திப் பத்து நிமிடத்தில் கண்ணீர் வரவைத்தது. கண்ணாடி போட்டவர்களுக்கும் இதே கதைதான். காதை முழுக்க மூடும் வகையோ சித்திரை வெயிலில் வியர்வைத் தொட்டி! ஒயர் உள்ளது மலிவு, ஆனால் கூட்டத்தில் யாராவது பையோடு சேர்த்து இழுத்துவிடுவார்கள். ஒயர் இல்லாத ஒற்றைக் குமிழ் கீழே விழுந்தால் அத்தனை கால்களுக்கு நடுவில் எங்கே தேடுவது? கழுத்துப்பட்டை வகை எனக்குச் சரியாக இருக்கிறது.

இரைச்சலை ரத்து செய்யும் வகை பற்றியும் கேட்கிறார்கள். சிறிய மைக் வெளி ஒலியை வாங்க, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே உண்டாக்கி அழிக்கிறது. என்ஜின் உறுமல் போல ஒரே சீராக வரும் சத்தத்துக்கு நல்லது. திடீரென்று அடிக்கும் ஹாரனுக்கு அவ்வளவாக உதவாது. காசு இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் சரியான ரப்பரே பாதி வேலையைச் செய்துவிடும்.

"ஹெட்செட்டே வேண்டாம்" என்பார்கள் பெரியவர்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளில் எனக்கே எனக்கென்று இருப்பது அந்த 70 நிமிடம்தான். கணக்குப் பாடம் கேட்கிறேன். தேவையில்லாமல் பேச்சுக் கொடுப்பவர்களும் விலகிக்கொள்கிறார்கள். தோழியருக்கு இது புரியும். ஆனால் இறங்கும் முன் கழற்றிவிடுங்கள். ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டாக வேண்டும்.

போன மாதம் புது ஹெட்செட்டை அப்பா ஆசையாக வாங்கிக் காதில் மாட்டிப் பார்த்தார். "ஒண்ணும் கேக்கலையே கண்ணு, இன்னும் போடலையா?" என்றார். நான் கேட்கிற அளவில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்பாவின் காது எங்கள் சோற்றுக்காகப் போனது. நம் காது ஒரு பாட்டுக்காகப் போக வேண்டுமா, தோழர்களே?

– இரண்டாம் ஆண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை