உருக்கி மீண்டும் அடித்த வெள்ளி

வெம்பிளி ஈலிங் றோட் நகைக்கடைகளில் எம்மவர் "இது எத்தனை பவுண்?" என்று கேட்கும்போது, தாம் கேட்பது ஓர் ஆங்கில நாணயத்தின் நிறையை என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பவுண் என்பது சொவறின் என்னும் தங்க நாணயம். 22 கரற், ஏறத்தாழ எட்டுக் கிராம். இலண்டன் கோபுரத்தின் அயலிலே இருந்த அரச நாணயசாலையில் பிறந்து, யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடி வரை பயணஞ் செய்த நிறை அது. அந்தச் சாலையில் 1975 நவம்பரில் இறுதியாக அடிக்கப்பட்டதும் ஒரு சொவறினே.

அதற்கு முன்னரே, 1968 டிசம்பர் 17ஆம் திகதி, வேல்சிலுள்ள லன்ட்றிசன்ற்றில் புதிய நாணயசாலையை எலிசபெத் மகாராணியார் திறந்து வைத்திருந்தார். நான்கு நாட்கள் கழித்து அப்பலோ 8 சந்திரனை நோக்கிப் புறப்பட்டது. திரும்பி வரும் வழியில், இப்போது கலத்தைப் பெரும்பாலும் ஓட்டுபவர் ஐசாக் நியூட்டன்தான் என்று விண்வெளி வீரர் பில் அன்டேர்ஸ் வேடிக்கையாகச் சொன்னார். அந்த நியூட்டனே 1696 முதல் இலண்டன் நாணயசாலையின் காவலராகவும், 1699 முதல் 1727இல் இறக்கும்வரை அதன் தலைவராகவும் இருந்தவர். வெள்ளி நாணயங்களின் ஓரத்தைக் கத்தரித்தவர்களையும் கள்ள நாணயம் அடித்தவர்களையும் தூக்குமேடை வரை துரத்தியவரும் அவரே. எமது மொழியில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிக்கிறது. அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

விண்வெளிப் பயணங்களின் பெயரால் வரும் ஞாபகார்த்த வெள்ளிகளை நோக்க வேண்டியதும் இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். சிற்பி உருவத்தை நாணயத்தின் அளவில் செதுக்குவதில்லை. பெரிய வட்டத்தில் களிமண்ணிலும் சாந்திலும் செய்துகொள்வார். அதைச் சுருக்கி உருக்கில் வெட்டும் பொறி முன்பு இருந்தது. இன்று கணினி அந்த வேலையைச் செய்கிறது. பின்னர் அச்சைக் காய்ச்சிக் கடினமாக்குவார்கள். வெள்ளியோ எதிர்த்திசையில் போக வேண்டும். உருட்டித் தகடாக்கும்போது அது இறுகிவிடும். இறுகிய வெள்ளியை அடித்தால் உருவம் முழுமையாக எழாது. ஆகவே வட்டமாக வெட்டிய தகட்டைச் சூளையில் காய்ச்சி இளக்கி, அமிலத்தில் கழுவி, மெருகூட்டி, அதன் பின்னரே அச்சுகளுக்கிடையே வைக்கிறார்கள். எமது பத்தர் உமிச்சட்டியின் முன் அமர்ந்து, ஊதுகுழலால் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி இளக்கி இழுப்பதும் இதே அறிவுதான். பளபளக்கும் தரையும் பனி படர்ந்தாற்போன்ற உருவமும் கொண்ட உயர்தர நாணயங்களை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிப்பார்கள்.

அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் அற்றில்பரோ என்ற ஊரிலே றொபின்ஸ் கொம்பனி இருந்தது. அப்பலோ 7 தொடக்கம் ஒவ்வொரு பயணக் குழுவுக்கும் ஸ்ரேலிங் வெள்ளியில், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு தூய வெள்ளியில், பதக்கங்களை அடித்துக் கொடுத்தது அந்தக் கொம்பனியே. வீரர்கள் தம் பணத்தில் வாங்கிக் கலத்திலே கொண்டு சென்றனர். அப்பலோ 11இல் 450 வெள்ளிப் பதக்கங்கள் பறந்தன. பொதுமக்களுக்கு அவை விற்கப்படவில்லை.

அப்பலோ 13இன் கதை வேறு. கென் மத்திங்லிக்கு ஜேர்மன் சின்னமுத்து தொற்றியிருக்கலாம் என்ற ஐயத்தால், புறப்பாட்டுக்குச் சற்று முன்னர் அவரை விலக்கி ஜக் சுவைகேட்டைச் சேர்த்தார்கள். பதக்கங்களோ பழைய குழுவையும், சந்திரனில் இறங்கும் நாளையும் எண்ணிச் செய்யப்பட்டவை. 1970 ஏப்ரல் 11இல் கலம் புறப்பட்டது; இரண்டு நாட்களில் ஒட்சிசன் தாங்கி வெடித்தது. இறங்கும் எண்ணத்தைக் கைவிட்டுச் சந்திரனைச் சுற்றிவந்த மூவரும் ஏப்ரல் 17இல் உயிரோடு கடலில் வந்து இறங்கினர். அவர்களோடு, நடவாத ஒன்றைச் சொல்லும் வெள்ளியும் திரும்பி வந்தது.

அதை அப்படியே வைத்திருந்தால் சேகரிப்போர் மத்தியில் அரும்பொருளாகியிருக்கும். பிழையான அச்சுக்கு அவர்கள் கொடுக்கும் விலை உலகறிந்தது. ஆனால் பதக்கங்கள் உருக்கப்பட்டன. சந்திரனைச் சுற்றிவந்த அதே வெள்ளியில் மீண்டும் அடித்தார்கள். இம்முறை சுவைகேட்டின் பெயர் இருந்தது. தரையிறங்கிய திகதி இல்லை. அந்த இடைவெளிதான் அந்தப் பயணத்தின் வரலாறு என்பது என் எண்ணம்.

அடுத்த பயணத்திலும் வெள்ளி உருகியது. நோக்கம் மட்டும் வேறு. 1971இல் அப்பலோ 14 குழுவினர், பிராங்க்ளின் மின்ற் என்ற தனியார் நிறுவனம் அடித்த 200 வெள்ளிப் பதக்கங்களையும் கொண்டு சென்றனர். திரும்பியபின் நிறுவனம் அவற்றிற் சிலவற்றை உருக்கி, மிகப் பெருமளவு சாதாரண வெள்ளியோடு கலந்து, சந்திரனுக்குப் போன வெள்ளி கலந்தவை என்று சிறு பதக்கங்களைத் தன் சந்தாதாரர்முன் வைத்தது. சொன்னது பொய்யல்ல. குடம் தண்ணீரில் ஒரு துளி பாலை விட்டால் அதிலும் பால் இருக்கத்தான் செய்கிறது. முகம் சுளித்த நாசா, அடுத்த குழு கொண்டு செல்லக்கூடிய பதக்கங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தது.

அரசு வெளியிட்டவற்றுள் 2019இன் அமெரிக்க வெள்ளி டொலர் குறிப்பிடத்தக்கது. அப்பலோ 11இன் ஐம்பதாவது ஆண்டுக்காக, காங்கிரஸ் 2016இல் இயற்றிய சட்டத்தின்படி, நான்கு இலட்சத்துக்கு மேற்படாமல் அடிக்க அனுமதிக்கப்பட்டது. நிறை 26.73 கிராம், தூய்மை 99.9 வீதம். தட்டையான தகட்டை வளைந்த அச்சுகளுக்கிடையே நசுக்கி அதைக் கிண்ணம்போலாக்கினார்கள். சந்திர மண்ணில் பதிந்த காலடி உட்குழிந்த பக்கத்தில் இருக்கிறது. ஒல்ட்றினின் தலைக்கவசக் கண்ணாடி வெளியே குவிந்த பக்கத்தில். தொழில்நுட்பம் பொருளுக்குப் பணிந்து நின்ற அழகு அது. ஒவ்வொன்றிலும் பத்து டொலர் மேலதிகமாக அறவிட்டு, விண்வெளி அருங்காட்சியகத்துக்கும் வீரர்களின் பெயரிலான இரு நிதியங்களுக்கும் ஒதுக்கினர்.

இங்கே வாங்க விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். ஓர் அரசு தன் பெயரையும் முகமதிப்பையும் பொறித்து வெளியிட்டால் அது நாணயம்; தனியார் அடித்தது பதக்கம், விளம்பரம் எப்படி அழைத்தாலும் சரி. பிரித்தானியச் சட்டப்படி, 7.78 கிராமுக்கு மேற்பட்ட வெள்ளிப் பொருளை வெள்ளி என்று சொல்லி விற்பதற்குத் தர முத்திரை வேண்டும், நாணயங்களுக்கு விலக்குண்டு. இலண்டனில் பரிசோதிக்கப்பட்ட பொருளிற் சிறுத்தைத் தலை இருக்கும். வெள்ளி நாணயத்தைப் புதிதாக வாங்கும்போது 20 வீத வற் வரியும் சேரும். முதலீட்டுத் தங்க நாணயத்துக்கு அந்த வரி இல்லை. நிறையைக் கேட்டு, அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். மிச்சத் தொகை, பொறிக்கப்பட்ட கதைக்காக நீங்கள் கொடுப்பது. அது எந்தக் கதை என்று விற்பவரிடமே கேளுங்கள்.