அதே ஜூன் 7: பனி நிலாவும் காவலூர் தொலைநோக்கியும்

2021 ஜூன் 7. வியாழன் கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் நாசாவின் ஜூனோ விண்கலம், வியாழனின் மிகப்பெரிய நிலாவான கானிமீடை 1,038 கி.மீ. தூரத்தில் கடந்து போனது. சிவகிரியிலிருந்து நேர்கோடு போட்டால் ஏறக்குறைய தெலங்கானாவின் நிஜாமாபாத் வரை வரும் தூரம், அவ்வளவுதான். அதற்கு முன் கானிமீடை இப்படி நெருங்கியது கலிலியோ விண்கலம், 2000 மே மாதத்தில்.

மறுநாளே முதல் படங்கள் வெளியாகின. சாம்பல் நிறத்தில், புள்ளி புள்ளியாகக் குழிகள் விழுந்த ஒரு உருண்டை. முதல் பார்வைக்கு நம் நிலா போலத்தான் இருக்கும். கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். உழுதுபோட்ட வயலில் சால் சாலாக ஓடுவதுபோல, பக்கம் பக்கமாக நீண்ட வரிப்பள்ளங்கள். இது மண் அல்ல, பனிக்கட்டி. பாறை மாதிரி இறுகிப்போன பனிக்கட்டி. ஒரு காலத்தில் உள்ளுக்குள் ஏற்பட்ட இழுவிசையில் மேல்தோடு வெடித்து, விலகி, இப்படி வரி வரியாகிவிட்டது. கறுத்துக் கிடக்கும் பகுதிகள் பழையவை. அங்கே குழிகள் அதிகம். வெளுத்த, வரியோடிய பகுதிகள் பிற்பாடு உருவானவை. ட்ரோஸ் என்ற பெரிய குழியைச் சுற்றி மட்டும் சுண்ணாம்பு சிதறியதுபோல் வெள்ளைக் கதிர்கள். விண்கல் மோதியபோது அடியிலிருந்து வெளியே தெறித்த பனி அது.

படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் 1 கி.மீ. சிவகிரி மாதிரி ஒரு ஊரை, கண்மாயும் வயலும் சேர்த்து அங்கே கொண்டுபோய் வைத்தாலும் சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். கானிமீடின் குறுக்களவோ 5,268 கி.மீ. பெயருக்குத்தான் நிலா, புதன் கிரகத்தைவிடப் பெரியது.

இந்தப் படங்களை எடுத்த விதம் கொஞ்சம் வேடிக்கையானது. ஜூனோ பம்பரம்போல் நிமிடத்துக்கு இரண்டு முறை சுழன்றுகொண்டே போகும் கலம். அதிலுள்ள ஜூனோகேம் என்ற கேமரா, சுழற்சியோடு சுழற்சியாகப் பட்டை பட்டையாகப் படம் பிடிக்கும். அந்தப் பட்டைகளைச் சேர்த்து ஒட்டினால்தான் முழு உருண்டை கிடைக்கும். கலத்தின் வேகம் நொடிக்கு சுமார் 19 கி.மீ. ஒரு வெளிச்சப் புள்ளியாகத் தெரிந்த கானிமீட், கேமராவை நிறைத்து மறுபடியும் புள்ளியாகிப்போக 25 நிமிடம்தான். அதற்குள் ஐந்து படங்களுக்கு நேரம் இருந்தால் பெரிது என்று திட்டமிட்டுத்தான் போனார்கள். முதலில் வந்தது பச்சை வடிகட்டி வழியாக எடுத்த படம் மட்டும்; அதனால்தான் கறுப்பு வெள்ளை. சிவப்பு, நீல வடிகட்டிப் படங்கள் பின்னால் வந்து சேர்ந்த பிறகே நிறம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பளபளப்பான கானிமீட் படங்களில் பல, வித்தியாசம் தெரிவதற்காக நிறத்தைக் கூட்டியவை. நேரில் பார்த்தால் இவ்வளவு பகட்டாக இருக்காது.

இன்னொரு படம்தான் உண்மையில் அழகு. வெயில் படாத இருட்டுப் பக்கத்தை எடுத்தது அது. எடுத்ததும் படக் கேமரா அல்ல. நட்சத்திரங்களைப் பார்த்துக் கலத்துக்கு வழி சொல்வதற்காக வைத்த கேமரா. மங்கிய வெளிச்சத்திலும் அதற்குக் கண் தெரியும். வியாழனில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில், நம்மூர் நிலா வெளிச்சத்தில் தெரியும் காடுபோல், பனித் தரை தெரிகிறது.

இனி தேதிக்கு வருவோம். ஜூனோ போனதற்குச் சரியாக 49 ஆண்டுகளுக்கு முன், 1972-ல் அதே ஜூன் 7 அன்று, தமிழ்நாட்டிலிருந்து இதே கானிமீடை உற்றுப் பார்த்தார்கள். இடம், ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். சிவகிரியிலிருந்து நேர்கோட்டில் நானூறு கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. வானியலாளர் வைணு பாப்பு உருவாக்கிய அந்த ஆய்வகத்தில் ஒரு மீட்டர் விட்டமுள்ள கார்ல் ஸெய்ஸ் தொலைநோக்கி அந்த ஆண்டுதான் வந்து நின்றிருந்தது.

அன்றைக்கு எஸ்.ஏ.ஓ. 186800 என்ற நட்சத்திரத்தை கானிமீட் மறைத்துக்கொண்டு போனது. காற்றே இல்லாத உருண்டை என்றால், சுவிட்சை அணைத்ததுபோல் நட்சத்திரம் பட்டென்று மறைய வேண்டும். மெல்லிய காற்று சுற்றியிருந்தால் சற்று மங்கி, பிறகு மறையும். 60 கோடி கி.மீ.க்கும் அப்பால் இருக்கும் ஒரு நிலாவுக்குக் காற்று உண்டா என்று பூமியிலிருந்தே சோதிக்கும் தந்திரம் இது. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யா இந்த வேலையைச் செய்தார். இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அளந்தார்கள். கானிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் இருக்கிறது என்று எல்லோருமாகச் சேர்ந்து எழுதிய கட்டுரை 1973-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிட்டு ‘காவலூரின் கண்டுபிடிப்பு’ என்று ஒரே வரியில் பெருமைப்படுவது வழக்கம். மிச்சக் கதை அவ்வளவு நேராக இல்லை. 1979-ல் வாயேஜர் 1 பக்கத்தில் போய், அதே தந்திரத்தைப் புற ஊதாக் கதிர்களில் செய்து பார்த்தது. காற்று இருந்தாலும் 1972-ல் சொன்னதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவாகத்தான் இருக்க முடியும் என்று தெரிந்தது. அப்போதைக்குக் காவலூர் முடிவு அடிபட்டதுபோல் ஆனது. பிறகு 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி, கானிமீடைச் சுற்றி மிக மிக மெல்லிய ஆக்சிஜன் இருப்பதைக் காட்டியது. ஜூனோ போன மறுமாதம், ஹப்பிளின் பழைய தரவுகளைத் திரும்ப அலசியவர்கள் நீராவியும் இருப்பதாகச் சொன்னார்கள். ஆக, ‘காற்று இருக்கிறது’ என்ற பதில் நின்றது, அளவு நிற்கவில்லை. புதிதாக வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் இவ்வளவு கடினமான கேள்வியைத் தொட்டுப் பார்த்ததே பெரிய காரியம். முழுக் கதையைச் சொன்னால் அந்தப் பெருமை குறைந்துவிடாது.

ஜூனோவும் காவலூர் சோதனையின் தம்பி மாதிரி ஒன்றைச் செய்தது. கலம் கானிமீடுக்குப் பின்னால் மறையும்போது அதன் ரேடியோ சிக்னல், நிலாவின் விளிம்பை உரசிக்கொண்டு பூமிக்கு வந்தது. நட்சத்திர ஒளிக்குப் பதில் ரேடியோ, அவ்வளவுதான் வித்தியாசம். ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆன்டெனாக்கள் அதைக் கேட்டன. கலம் மறைந்த பக்கத்தில், மின்னூட்டம் பெற்ற துகள்களின் மெல்லிய அடுக்கு தெரிந்தது. வெளியே வந்த பக்கத்தில் தெரியவில்லை.

காவலூர் காலத்தில் தரவு ஆய்வாளர்களின் கையில் மட்டும் இருந்தது. ஜூனோகேமின் கச்சாப் படங்களோ இணையத்தில் எல்லோருக்கும் இலவசம். பட்டைகளை எடுத்து ஒட்டி, நிறம் சரிசெய்து யார் வேண்டுமானாலும் படமாக்கலாம். அந்தக் கேமராவை அனுப்பியதே முக்கியமாகப் பொதுமக்களுக்காகத்தான். 2022 செப்டம்பர் 29-ல் ஜூனோ இன்னொரு பனி நிலாவான யுரோப்பாவை நெருங்கிப் போனபோது நாசா வெளியிட்ட படங்களில் ஒன்று, நவநீத கிருஷ்ணன் என்ற ஆர்வலர் செம்மைப்படுத்தியது. பெயரையும் போட்டுத்தான் வெளியிட்டார்கள். கணினியும் பொறுமையும் இருக்கும் பிளஸ் டூ மாணவருக்கும் எட்டுகிற வேலை இது.

கணினி இல்லையா? பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் போதும். சிவகிரியில் மேற்கே மலை மறைக்கும். அதனால் வியாழன் கிழக்கே ஏறி வரும் மாதங்களில் மொட்டை மாடிக்குப் போவது நல்லது. கை ஆடாமல் இருக்க, பைனாகுலரைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். வியாழனுக்கு இருபுறமும் ஒரே கோட்டில் அதிகபட்சம் நான்கு புள்ளிகள் தெரியும். பெரும்பாலும் அதிகப் பிரகாசமாக இருப்பது கானிமீட். ஒரு சுற்றுச் சுற்றிவர அதற்கு ஏழு நாளும் சில மணி நேரமும் ஆகும். தினமும் நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தால் ஒரே வாரத்தில் அது இடம் மாறுவது பிடிபட்டுவிடும். கலிலியோ 1610-ல் இதைத்தான் செய்தார்.

கானிமீடைக் குறிவைத்துப் போய்க்கொண்டிருப்பது ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம். 2023 ஏப்ரலில் கிளம்பிவிட்டது. வியாழனை அடைய 2031 ஆகும். ஜூனோ 25 நிமிடத்தில் எட்டிப்பார்த்த நிலாவை, 2034 கடைசியிலிருந்து அது சுற்றிவரப் போகிறது.