ஆலோசனைக்குக் கூலி யார் கொடுப்பது?

சென்ற மாதம் அரவங்காட்டில் ஒரு சிநேகிதர் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தோம். கார்டைட் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்து ஒரு வாரங்கூட ஆகவில்லை. அதற்குள் வாசலில் ஒரு வாலிபர் வந்து நின்றார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. கையில் தோல் பை. "முதலீட்டு ஆலோசகர்" என்று தம்மை அறிமுகப்படுத்திக் கொண்டார்.

ஒரு மணி நேரம் மழை பெய்தாற்போல் பேசினார். சிநேகிதர் கிறங்கிப் போய் உட்கார்ந்திருந்தார். அவருடைய சம்சாரம் காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு, "தம்பி, இத்தனை தூரம் மேடேறி வந்திருக்கிறீர்களே, உங்களுக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"நீங்கள் ஒரு காசு கொடுக்க வேண்டாம், அம்மா! எல்லாம் கம்பெனியே கொடுத்துவிடும்" என்றார் வாலிபர் பெருமையுடன்.

அந்த அம்மாளின் கேள்வி சாமான்யமான கேள்வியன்று. பார்க்கப் போனால், முதலீட்டு ஆலோசகர்களைப் பற்றிய சட்டம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

நீலகிரியில் இப்படி ஒரே நாளில் பெருந்தொகை வந்து சேரும் குடும்பங்கள் அநேகம். அரவங்காட்டுத் தொழிலாளிகள், வெல்லிங்டனில் ஓய்வு பெறும் சிப்பாய்கள், 1960-ல் உதயமாகிப் பின்னால் நசித்துப் போன ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையிலிருந்து வெளியேறியவர்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆயுள் முழுவதும் மாதச் சம்பளத்தையே கண்டவர்களுக்கு இலட்சக் கணக்கில் பணத்தை ஒருமிக்கப் பார்த்ததும் திகைப்பு உண்டாவது இயற்கை.

பெரிய பெயரைக் கண்டு மயங்குவது நம் நாட்டில் புது வியாதியும் அல்ல. சென்னைப் பட்டணத்தில் ஆர்பத்னாட் கம்பெனி என்றால் மலைபோல் நம்பினார்கள். 1906 அக்டோபரில் அந்த மலை சரிந்தது. பென்ஷன்காரர்களும் விதவைகளும் தெருவில் நின்றார்கள். கம்பெனி முதலாளி ஸர் ஜார்ஜ் ஆர்பத்னாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. போன பணமோ போனதுதான். அந்தச் சாம்பலிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலிய தேசபக்தர்களின் முயற்சியால் 1907-ல் இந்தியன் வங்கி முளைத்தது என்பதை நினைக்க இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

மறுபடி மலைக்கு வருவோம். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. ஏலத்துக்கு முன்பே வாங்குவோருக்கு மாதிரித் தூள் வந்துவிடும். வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, ருசி பார்ப்பவர் ஒவ்வொரு கரண்டியாக உறிஞ்சி, நாவில் உருட்டித் துப்பிவிட்டு, "இது தேறும், இது தேறாது" என்பார். வாங்குகிறவருடைய ருசிபார்ப்பவர் விற்கிறவரிடம் இரகசியமாகக் கூலி வாங்கினால் அந்த நாக்கு என்ன சொல்லும்? குன்னூர் வியாபாரி எவரும் அதை ஒரு நாள் பொறுக்க மாட்டார். குடும்பஸ்தர்களோ ஆயுள் சேமிப்பை அப்படிப்பட்ட நாக்கை நம்பித்தான் பல வருஷம் கொடுத்து வந்தார்கள்.

1992-ல் சட்ட அதிகாரம் பெற்ற 'செபி' வாரியம், 2013 ஜனவரியில் ஆலோசகர்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. கூலிக்கு முதலீட்டு ஆலோசனை சொல்லுகிறவர், சில விலக்குகள் நீங்கலாக, செபியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். கோயில் சொத்துக்குத் தர்மகர்த்தா எப்படியோ, அப்படியே வாடிக்கைக்காரரின் பணத்துக்கு அவர். நம் வயது, வருமானம், கடன், நஷ்டத்தைத் தாங்கும் சக்தி எல்லாவற்றையும் விசாரித்தறிந்த பிறகே வாய் திறக்கலாம். சொன்ன ஆலோசனைக்குக் காரணத்தை எழுதி ஐந்து வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். "இத்தனை லாபம் நிச்சயம்" என்று உத்தரவாதம் கொடுக்கலாகாது.

2020-ல் செபி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒரே குடும்பத்துக்கு ஆலோசனையும் சொல்லி, கமிஷனுக்குச் சரக்கும் விற்பது கூடாது என்று தடுத்தது. பரஸ்பர நிதியை விற்பனை செய்கிறவர் 'சுதந்திர நிதி ஆலோசகர்' என்று பட்டம் சூட்டிக் கொள்வதையும் விலக்கியது. விற்பது பாவமில்லை, விற்கிறவர் நமக்கு வேண்டியவர் போல் வேஷம் போடுவதுதான் பிசகு. "ஒரு காசு கொடுக்க வேண்டாம்" என்பதும் மெய்யல்ல. கமிஷன் நம் முதலீட்டின் செலவுக் கணக்கிலிருந்தே வருஷா வருஷம் போகிறது. 2013 ஜனவரி முதல் கமிஷனில்லாத 'நேரடித் திட்டம்' ஒவ்வொரு பரஸ்பர நிதியிலும் உண்டு. அதைப் பற்றி அந்த வாலிபர் மூச்சுவிடவில்லை.

அமெரிக்காவில் 1940-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அங்கே ஓர் ஆலோசனை ஸ்தாபனம் பங்குகளைத் தான் முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு வாடிக்கைக்காரர்களை வாங்கச் சொல்லி, விலை ஏறியதும் விற்று லாபம் பார்த்தது. அப்படிச் செய்வதை வாடிக்கைக்காரருக்குச் சொல்லாமல் மறைப்பது மோசடி என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1963-ல் தீர்த்தது.

நம் சட்டத்தில் குறையே இல்லையா? உண்டு. இவ்வளவு பெரிய தேசத்தில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். கமிஷன் வாங்கி விற்பவர்களோ இலட்சத்துக்கு மேல். ஆகையால் கோத்தகிரியிலோ கூடலூரிலோ கதவைத் தட்டுகிறவர் பெரும்பாலும் விற்பனைக்காரராகவே இருப்பார். ஆட்களைப் பெருக்கவே 2024 டிசம்பரில் செபி நிபந்தனைகளைத் தளர்த்திற்று. முன் அனுபவம் அவசியமில்லை. சொந்தச் சொத்துக் கணக்குக்குப் பதில் வைப்புத் தொகை போதும். பரீட்சை மட்டும் உண்டு. நூற்றைம்பது வாடிக்கைக்காரர் வரையில் அந்தத் தொகை ஒரு இலட்சம். அனுபவத்தைக் கைவிட்டது நமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நோயாளி அதிகம் என்பதற்காகப் பயிற்சியில்லாத வைத்தியரை அனுப்பலாமா?

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் விவரித்தோம். ஆலோசகரின் பதிவு எண் 'ஐ.என்.ஏ.' என்று ஆரம்பிக்கும், செபியின் ஏட்டில் எவரும் ஒத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னோம். மறுநாள் வாலிபர் கையொப்பம் வாங்க வந்தார். அம்மாள் காப்பி கொடுத்துவிட்டுப் பதிவு எண்ணைக் கேட்டார். காரியாலயத்தில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாம் மலையிறங்கியது அதற்கு நாலு நாள் கழித்து. அதுவரையில் அவர் வரவில்லை.