இரும்புக்கு முந்திய மனிதர்

கீழடியில் 2023ஆம் ஆண்டு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆதிச்சநல்லூரில், முதுமக்கள் தாழிகளை அவை புதைந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியாகக் காணும் கூடம் அமைந்தது. நெல்லை ரெட்டியார்பட்டி மலைப்பகுதியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்துள்ளது. சிவகளை இரும்பு ஏறத்தாழ 5,300 ஆண்டுத் தொன்மையுடையது என்னும் ஆய்வு முடிவைத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் வெளியிட்டது. தமிழர் தலைநிமிர இவை தக்க காரணங்களே. ஆயினும் நம் பெருமிதம் இரும்போடு தொடங்குகிறது. அதற்கு முன் இம்மண்ணில் வாழ்ந்து மறைந்தோர்க்கென்றே தனித்து அமைந்த அருங்காட்சியகம் ஒன்றேனும் தென்மாவட்டங்களில் இல்லை. இக்குறை களையப்பட வேண்டும்.

அந்த முன்னோரின் காலம் சிறிதன்று. 1863 மே 30 அன்று, சென்னையை அடுத்த பல்லாவரத்தில் நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூசு ஃபூட் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அன்று பிறந்தது. அவ்வாண்டிலேயே அவரும் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர். அங்கே பல்லாண்டுகள் அகழ்ந்த சாந்தி பப்பு, குமார் அகிலேசு குழுவினர், புதையுண்ட கற்களில் விண்கதிர்களால் விளைந்த அலுமினிய, பெரிலிய அணுக்களின் சிதைவை அளந்து, அங்குக் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஆப்பிரிக்காவின் மிகப் பழைய கைக்கோடரிகளுள் சில ஏறத்தாழ 17.6 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும். அதே இடத்தில் இடைப் பழைய கற்காலக் கருவிநுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது என்று அவர்கள் 2018இல் நிறுவினர். அந்நுட்பம் இந்தியாவுக்கு மிகப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது என்னும் பழைய கருத்து அதனால் ஆட்டங்கண்டது. இரும்பின் காலம் இந்நெடுங்கணக்கில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஃபூட் திரட்டிய தொகுப்பு சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அத்திரம்பாக்கத்துக்கு அருகே, பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் உள்ளது. இரண்டுமே தமிழ்நாட்டின் வடகோடியில் அமைந்தவை. தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடத்திலோ குருவிகுளத்திலோ படிக்கும் பள்ளி மாணவர்க்கு அவை எட்டாத் தொலைவு.

தெற்கே சான்று இல்லாமலும் இல்லை. தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடலோரத்துச் செம்மணல் தேரிகளில் நுண்கற்கருவிகள் செறிந்து கிடக்கின்றன. அவற்றைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் 1956ஆம் ஆண்டு எழுதிய ஆய்வு, தேரிகளைப் பண்டைக் கடல்மட்டத்தோடு பொருத்திப் பார்த்தது. கடலுக்கு அப்பால், இலங்கையின் பாகியன் குகையில் நுண்கற்கருவிகள் 45,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை என்று கணிக்கப்பட்டுள்ளன. பனிக்காலங்களில் கடல் தாழ்ந்து அத்தீவும் நம் கரையும் ஒரே நிலமாய் இருந்தன. தேரியைப் புரிந்துகொள்ளாமல் அக்காலத்து மனிதர் நடந்த வழியை எவ்வாறு வரைவது?

இவ்வினாவை எழுப்பத் தென்காசி மாவட்டத்துக்குத் தனி உரிமை உண்டு. மேற்கே, மலையடிவாரத்துத் திருமலாபுரத்தில் 2024இல் தொடங்கிய அகழாய்வு, கற்பலகைகளால் எழுப்பிய ஈம அறையையும் தாழிகளையும் வெளிக்கொணர்ந்தது. வடக்கே வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை அகழப்பட்டுள்ளது. தென்கிழக்கே தேரிகள். இம்மூன்றுக்கும் நடுவே, மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், கரிசல் பரந்த திருவேங்கடம் வட்டம் அமைந்துள்ளது. மனிதத் தோற்றமும் தொல்பழங்கால வாழ்வும் கூறும் அருங்காட்சியகம் ஒன்று இங்கே எழுவதே முறை. கல்விக் கூடங்களும் காட்சிக் கூடங்களும் மாநகரங்களுக்கே உரியவை என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

அவ்வருங்காட்சியகம் எதைக் கற்பிக்க வேண்டும்? முதலாவது, மெய்ம்மை. அத்திரம்பாக்கத்தில் கருவி கிடைத்தது; அதைச் செய்தவரின் எலும்பு கிடைக்கவில்லை. அவர் எவ்வகை மனிதர் என்பது இன்றும் விடையறியா வினா. அறிந்ததையும் அறியாததையும் அருகருகே வைத்துக் காட்டும் துணிவு வேண்டும். இரண்டாவது, பணிவு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பிச்சப்பன் குழுவினர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊரொன்றில், ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட தொன்மையான பரவலைச் சுட்டும் மரபணுக் குறியைக் கண்டறிந்தனர். அதை எவரேனும் தம் சாதிக்குச் சூட்டும் மணிமுடியாக்கினால் அறிவியலைத் திரித்தவராவர். இன்று வாழும் மாந்தர் அனைவரின் வேரும் ஆப்பிரிக்காவில் உள்ளது. கல்லை உடைத்துக் கூர்செய்த கைக்குச் சாதி இல்லை, சமயம் இல்லை, நாட்டெல்லையும் இல்லை. பிறப்பால் உயர்வு பேசும் சமூகத்தில் இதனினும் இன்றியமையாத பாடம் வேறு யாது?

கட்டடத்துக்கு முன்னே செய்ய வேண்டிய பணியும் உண்டு. கைக்கோடரி பொன்போல் ஒளிர்வதன்று. பழகாத கண்ணுக்கு அது வெறுங்கல். சரளையும் செம்மண்ணும் வாரப்படும்போது, அது கிடந்த மண்ணடுக்கோடு சேர்ந்து அழிகிறது. அடுக்கை இழந்த கருவி தன் வயதை இழந்த கருவி. ஆகவே மலையடிவாரம் முதல் தேரிக்காடு வரை முறையான கள ஆய்வு உடனே நடைபெற வேண்டும். கல்குவாரிக்கும் மண் எடுப்புக்கும் ஒப்புதல் வழங்குமுன் தொல்லியல் துறையின் கருத்தைக் கேட்பது கட்டாயமாக வேண்டும். ஆசிரியர்களுக்கும், நாள்தோறும் நிலத்தில் நடக்கும் உழவர்க்கும், ஆடு மேய்ப்போர்க்கும் கற்கருவியை இனங்காணும் பயிற்சி அளிக்க வேண்டும்.

இரும்பின் தொன்மையை உலகுக்கு உரைத்த அரசுக்குக் கல்லின் தொன்மையைக் காக்கும் கடமையும் உண்டு. வரும் நிதிநிலை அறிக்கையிலேயே கள ஆய்வுக்கும் அருங்காட்சியகத்துக்கும் பொருள் ஒதுக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.