லா சப்பல் வியாபாரிகளும் வர்த்தக சபையும்

உலகின் முதல் வர்த்தக சபை 1599இல் மார்செய் துறைமுகத்தில் தோன்றியதும், 1919இல் ஸ்தாபிதமான சர்வதேச வர்த்தக சபை பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்டு, விற்பவர் பொறுப்பு எவ்விடத்தில் தீர்ந்து வாங்குபவர் பொறுப்பு எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதை வரையறுக்கும் இன்கோடெர்ம்ஸ் விதிகளை 1936இல் வெளியிட்டதும் சரித்திரப் பிரசித்தம். அதே பாரிஸில், லா சப்பல் பகுதியில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் நம் தமிழ் வியாபாரிகளுக்கு, வர்த்தகர் ஒன்றுகூடி விதி வகுக்கும் அந்த ஞானத்தின் பயன் போதிய அளவு வந்து சேரவில்லை என்பது என் அபிப்பிராயம். இந்தியக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் உண்டா என்று ஐரோப்பிய எல்லையில் விசேஷப் பரிசோதனை நடக்கையில், தனிக் கடைக்காரர் ஒருவர் கவலையோடு காத்திருப்பதன்றி வேறென்ன செய்ய இயலும்? கடல் கடந்த தமிழ் வர்த்தகர்களின் சபை பலமாக இருக்குமாயின், அப்பரிசோதனையின் விதியைத் தமிழில் விளக்கி, விளைவிக்கும் விவசாயிக்கே முன்னதாக அறிவித்து, ஆய்வகச் சான்றிதழுக்கும் ஏற்பாடு செய்யும். சபை அவ்வாறு பலம் பெற, அதன் சந்தாவைக் குறைத்து, சிறு கடைக்காரரையும் நிர்வாகத்தில் அமர்த்துவது அவசியம்.